‘எளிது’ என்று எழுதியது யார்? உலு திராம் செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தொரு கிலோமீட்டர்

இந்தப் பாதையில் போகலாமா என்று இதுவரை மூன்று வாசகர்கள் கேட்டு எழுதிவிட்டார்கள். சைக்கிள் செயலியில் ‘எளிது. ஏற்றம் நிறைய உண்டு’ என்று ஒரு வரி போட்டிருந்ததே, புதிதாக மவுண்டன் பைக் வாங்கியவர்கள் அதை நம்பிப் போகலாமா என்பது கேள்வி. போகலாம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதிய ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். இப்போது பேசுகிறேன் என்பதால் கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

என் வேலையைச் சொன்னால் என் கோபம் உங்களுக்குப் புரியும். ஜொகூர் மாநிலத்தில், செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பெட்டிமேல் ஒட்டிய லேபிளில் இருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றாக இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். இதையே வருடக்கணக்கில் செய்து பழகியதால், வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் இருந்தால்கூட எனக்குத் தலை சூடாகிவிடும்.

போன பள்ளி விடுமுறைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை போனோம். போனதற்குக் காரணம் என் கணவர் குணா. அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு மாதங்களுக்கு முன்னால், சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது நெஞ்சை அடைத்து, சட்டை முழுக்க நனைந்து, யாரோ ஒரு புண்ணியவான் அவரை ஓரமாக உட்கார வைத்தார். அன்று மாலைக்குள் இருதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். எங்கள் மகள் எஸ்பிஎம் அரசுத் தேர்வு எழுதுகிற வகுப்பில் இருந்தாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட இல்லை.

பிறகு தேறினார். சைக்கிள் ஓட்டலாம், ஓட்டினால் நல்லது என்று மருத்துவரே சொன்னார். ஒரே நிபந்தனை: மிதித்துக்கொண்டே பேச முடிய வேண்டும், பேச முடியவில்லை என்றால் இறங்கி நடக்க வேண்டும். இதை வீட்டில் நான் ஒரு சோதனையாகவே ஆக்கிவிட்டேன். போகிற வழியில் திடீரென்று, “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்பேன். அவர் முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். சமைத்தவளுக்கே தெரியாதா என்று முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டது.

இதுவரை எல்லாம் ஒழுங்கு. இனிதான் கோளாறு. நாங்கள் தெப்ராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் குழுவில் இருக்கிறோம். பதினான்கு பேர், பெண் என்று நான் ஒருத்திதான். அந்தக் குழுவில் ஒருவருக்கும் ஸ்டென்ட் விஷயம் தெரியக்கூடாது என்று குணா மகள் தலையில் அடித்து என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். எட்டு மாதம் காணாமல் போனதற்கு ‘சிங்கப்பூரில் டபுள் ஷிஃப்ட்’ என்று குழுவில் ஒரு கதை. அதையும் பன்னிரண்டு பேர் நம்பினார்கள்.

குழுவின் தலைவர் சேகர். டயர்க் கடை வைத்திருக்கிறார், ஐம்பதைத் தாண்டியவர். நடுக்காட்டில் உங்கள் சக்கரம் வெடித்தால், தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கிற மனிதர். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் கண்டுபிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் யார் இறங்கித் தள்ளுகிறார்களோ, அவர்களைப் படமெடுத்து, பழக்கடைத் தள்ளுவண்டிமேல் அவர்கள் தலையை ஒட்டி, வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகப் போடுவார். அந்த வாரம் முழுக்கத் தள்ளியவர் பெயர் தள்ளுவண்டி. எனக்கு அது நிரந்தரப் பட்டம். எனக்குக் கவலையில்லை, தள்ளினால் இடுப்புக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு தள்ளுவேன். ஆண்களோ செத்தாலும் இறங்க மாட்டார்கள். இதைப் பேச்சுக்குச் சொல்வதாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடத்துக்கும் மேலாக சேகர் ஓட்டுவது மின்சார மவுண்டன் பைக். முழங்கால் வலியாம். மேட்டில் விசில் அடித்துக்கொண்டு ஏறி, உச்சியில் நின்று, கீழே மூச்சு வாங்குபவர்களைக் கைப்பேசியில் குறி பார்ப்பார். இந்தப் பாதையைப் பதிவு செய்து ‘எளிது’ என்று எழுதியவரும் அவர்தான். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் லேபிளை நம்பினேன். வேறு யாராவது இப்படி நம்பியிருந்தால் அவரை என் பிரிவில் வேலைக்கே வைத்திருக்க மாட்டேன்.

காலை ஆறே கால் மணிக்குத் தெப்ராவிலிருந்து காரில் புறப்பட்டோம். ஞாயிறு என்பதால் உலு திராமுக்கு இருபது நிமிடம். பெரிய சாலையில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கு ஒரு தோசையும், பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ தேநீரும். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு ரிங்கிட் வெள்ளி. கார்களை அங்கேயே பின்பக்கத் திடலில் நிறுத்தலாம், காசு கேட்பதில்லை. அன்று வந்தது ஒன்பது பேர். ஏழு மணிக்கு மிதிக்கத் தொடங்கினோம்.

முதல் இரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலை. கோத்தா திங்கி பக்கம் போய், ஒரு சிறிய கோயிலைத் தாண்டியதும் வலப்பக்கம் செம்மண் சாலை பிரியும். அங்கிருந்து தோட்டம். நுழைவாயிலில் சங்கிலி கட்டி ஒரு காவலர் இருப்பார், நேபாளத்துக்காரர். நின்று வணக்கம் சொல்லிக் கேட்டால் சங்கிலியை இறக்குவார். தோட்டம் அவர்களுடையது, நாம் விருந்தாளிகள். காவலர் குனிந்திருக்கும்போது சங்கிலிக்கு அடியில் நுழைந்து போகிற குழுக்களும் உண்டு. அவர்களால்தான் பல தோட்டங்களில் நமக்குக் கதவு மூடிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் சேகரும் நானும் ஒரே கட்சி.

ஆறாவது கிலோமீட்டர் வரை சமதளம். இருபுறமும் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனை, நடுவில் லாரிகள் அழுத்தி இறுக்கிய சிவப்புச் சாலை, காலை ஈரம். ஒரு சிறிய ஓடையின் மேல் இரும்புப் பலகைப் பாலம் வரும், அதில் மட்டும் நேராகப் பிடித்து ஓட்டுங்கள். கல் இல்லை, வேர் இல்லை, குதிக்க வேண்டிய பள்ளம் எதுவுமில்லை. சைக்கிள் ஓட்டத் தெரிந்த யாரும் ஓட்டலாம். அந்த அளவில் ‘எளிது’ என்பது பொய்யில்லை. இந்தத் தோட்டத்தின் தந்திரமே அதுதான். மிக உயரமான இடம்கூட கடல் மட்டத்திலிருந்து நூற்றிருபது மீட்டரைத் தொடாது. அதைப் பார்த்து இதென்ன மலையா என்று நினைப்பீர்கள். ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முப்பத்தொரு கிலோமீட்டர் முடிகிறபோது மொத்த ஏற்றம் எழுநூறு மீட்டரை நெருங்கிவிடும். வட்டிக்கடைக்காரன் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிடும்.

முதல் ஏற்றம் ஒன்பதாவது கிலோமீட்டரில். பெயர் வைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. நான் குணாவின் பக்கத்தில் மிதித்துக்கொண்டே கேட்டேன்.

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?”

“சப்பாத்தி, பருப்பு, கொஞ்சமா கோழி. நீதானே வச்சே, உனக்குத் தெரியாதா?”

முழு வாக்கியம். எனக்கு மனம் குளிர்ந்தது. அவர் முகத்திலும் எட்டு மாதமாக இல்லாத ஒரு களை இருந்தது. பழைய குணா திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். உண்மையாகச் சொன்னால், அந்தக் காலை வெளிச்சத்தில் எனக்கு அழுகைகூட வந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மாமியார் மேடு. செங்குத்து இல்லை, ஆனால் முடியவே முடியாது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே சீராக ஏறிக்கொண்டே போகும். பெயர் வைத்தது ஆண்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதி வழியில் மறுபடி கேட்டேன்.

“சப்பாத்தி. கோழி,” என்றார்.

“பருப்பு எங்க போச்சு?”

“அதும் இருந்துச்சு.”

சரி, ஏற்றத்தில் கொஞ்சம் சுருக்கமாகப் பேசுவது இயல்புதான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மேலே ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றோம். வாழைப்பழம் தின்றோம். சேகர் குணாவின் முதுகில் தட்டி, “சிங்கப்பூர்ல என்னா சாப்பாடு போட்டாங்க மச்சான், புலி மாரி ஏறுற!” என்றார். குணா சிரித்தார். புலிக்கு உதடு அவ்வளவு வெளுத்திருக்காது. நான் அதைப் பார்த்தேன், இவரை இங்கேயே திருப்பிவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் திருப்பினால் ஏன் என்று ஏழு பேரும் கேட்பார்கள். சத்தியம் வேறு.

பதினேழாவது கிலோமீட்டரில் அலமாக் மேடு. வளைவு திரும்பியதும் எதிரே சுவர் மாதிரி சாலை எழும்பி நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் வாயில் தானாகவே “அலமாக்!” வந்துவிடும், மலாயில் ‘ஐயோ அம்மா’ மாதிரி, அதுதான் பெயர். நீளம் இருநூற்றைம்பது மீட்டருக்குள்தான். நான் பாதியில் இறங்கித் தள்ளினேன். உச்சியில் கைப்பேசி கிளிக் என்றது. குணா இறங்கவில்லை. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைத்து வளைத்து மிதித்து, மேலே போய்க் கைப்பிடிமேல் கவிழ்ந்துகொண்டார்.

“நேத்து ராத்திரி?” என்றேன்.

“கோழி.”

“வாயில என்னா கொழுக்கட்டையா? ஒழுங்கா சொல்லுங்க.”

“நல்லாதான் இருக்கேன் லா. சும்மா வா.”

“அடுத்த மேட்டுல இறங்கிடணும். சரியா?”

அவர் முன்னால் பார்த்தார். அங்கே சேகர், அடுத்த இறக்கத்துக்குத் தயாராக, விசில் அடித்துக்கொண்டு நின்றார். பதில் அதுதான்.

கடைசிப் பெரிய ஏற்றம் இருபத்திரண்டாவது கிலோமீட்டரில். குழுவில் அதற்குப் பெயர் பொய் மேடு. உச்சி வந்துவிட்டது என்று நினைக்கிறபோது சாலை லேசாகச் சமமாகும், திரும்பினால் இன்னொரு ஏற்றம். இப்படி மூன்று முறை ஏமாற்றும். முதல் பொய்யிலேயே நான் இறங்கிவிட்டேன். குணா எனக்கு முப்பது மீட்டர் முன்னால், மிதித்துக்கொண்டிருந்தார். மிதிப்பது என்று சொல்கிறேனே தவிர, நான் நடக்கிற வேகத்துக்கு அது குறைவு.

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கத்தினேன்.

திரும்பாமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பேச்சு நின்றுவிட்டது. மேலே பார்த்தேன், மூன்றாவது உச்சியில் சேகர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றார். குணாவும் அந்தக் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவரை அல்ல, என்னை அல்ல, வீட்டில் இருக்கிற மகளை அல்ல. ஒரு பழவண்டிமேல் தன் தலை ஒட்டப்படக்கூடாது என்பதற்காக என் புருஷன் தன் இருதயத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவரைத் தாண்டி, ஐந்தடி முன்னால் போய், என் சைக்கிளை அப்படியே சாலைக்குக் குறுக்கே போட்டேன். “இறங்குடா!” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை முதன்முறையாக ‘டா’ போட்டது அங்கேதான். வேறு வழியில்லாமல் காலை ஊன்றினார். ஊன்றிய கால் நிற்கவில்லை. நான் பிடித்து ஓரத்துப் புல்லில் உட்கார வைத்தேன். நெஞ்சின் நடுவில் கையை வைத்து, “இறுக்குது,” என்றார். அது ஒரு சொல்.

நாக்குக்கு அடியில் அடிக்கிற மருந்து என் இடுப்புப் பையில் இருந்தது. அவர் பையில் வைக்கச் சொன்னால் வைக்க மாட்டார், யாராவது பார்த்துவிடுவார்களாம். ஒரு முறை அடித்தேன். ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும், குறையவில்லை என்றால் மறுமுறை அடித்து உடனே ஆம்புலன்ஸ். நான் அந்த ஐந்து நிமிடத்துக்குக் காத்திருக்காமல் அவசர எண் 999-ஐ அழைத்தேன். கைப்பேசியில் ஒரு கோடுதான் அலை. “தோட்டத்துக்குள்ளே” என்று சொல்லி முடிப்பதற்குள் அறுந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி கையிலேயே அதிர்ந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள்தான் திரும்ப அழைக்கிறார்கள் என்று பார்த்தேன். குழுவில் புது ஸ்டிக்கர். பழவண்டிமேல் குணாவின் தலை, கண் சொருகி, வாய் திறந்தபடி. கீழே ஒவ்வொன்றாக வந்து விழுந்தன, வீட்டில் படுத்துக்கொண்டு பார்க்கிறவர்களின் சிரிப்பு முகங்கள்.

சேகர் சிரித்துக்கொண்டே வண்டியில் இறங்கி வந்தார். “தங்கச்சி, ரோட்டையே மறிச்சிட்டியே…” என்று தொடங்கியவர், என் கையில் இருந்த சின்னக் குப்பியைப் பார்த்தார். பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது. அது என்ன மருந்து என்று அவர் கேட்கவே இல்லை. அதைக் கேட்காதது ஏன் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

“எத்தனை தடவ அடிச்சே?”

“ஒரு தடவ.”

“படுக்க வைக்காத. சாஞ்சி உட்காரட்டும். நான் வண்டிய கொண்டாறேன்.”

சொல்லிவிட்டுப் பறந்தார். அவருடைய நான்கு சக்கர வண்டி மாமாக் கடைத் திடலில் இருந்தது. மின்சார சைக்கிளில் குறுக்குப் பாதையில் இறங்கி, காவலரிடம் சொல்லிச் சங்கிலியைத் திறக்க வைத்து, அந்தச் செம்மண்ணில் வண்டியை ஏற்றிக்கொண்டு வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அந்த மோட்டார் அன்றைக்கு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அதற்குள் இறுக்கம் குறைந்து, குணாவின் உதட்டில் நிறம் வந்துவிட்டது. மற்றவர்கள் சுற்றி நின்று ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குத் தெரியாமல் வந்துவிட்டவர்கள் மாதிரி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜொகூர் பாருவில் மருத்துவமனைக்குப் பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாரடைப்பு இல்லை. ஆனால் இன்னொரு குழாயில் அடைப்பு வளர்ந்துகொண்டிருந்தது. மூன்று நாள் வைத்துக்கொண்டு மருந்தை மாற்றினார்கள். மருத்துவர் ஒரு சின்னப் பெண், என் மகளுக்கு அக்கா வயதுதான் இருக்கும். பேச முடியாவிட்டால் இறங்கி நடக்கச் சொல்லியிருந்தும் ஏன் இறங்கவில்லை என்று மலாயில் கேட்டாள். குணா என்னைப் பார்த்தார். ஸ்டிக்கருக்குப் பயந்து என்று நீங்களே சொல்லுங்கள் என்று நான் தமிழில் சொன்னேன். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

பிற்பகலில் வார்டுக்கு வெளியே, நடைவழியில் சேகர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து போகவே இல்லை. நான் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். மோட்டாரில் ஏறிவிட்டு மற்றவர்களுக்கு எளிது என்று எழுத எப்படி மனம் வந்தது, இறங்கி நடப்பது குற்றமா, மனிதன் உயிரோடு வீட்டுக்குப் போவதைவிட உங்கள் சிரிப்பு பெரிதா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு சீனப் பெண்மணி எழுந்து தூரமாகப் போய் உட்கார்ந்தார். சேகர் எழுந்து நின்றார். கடிகாரத்தைக் கழற்றி வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு சின்னப் புள்ளித் தழும்பு. குழாயைச் செலுத்துகிற இடம். அதே தழும்பைத்தான் எட்டு மாதமாக என் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

“எனக்கும் இருக்கு தங்கச்சி. ரெண்டு.”

“முழங்கால்னு சொன்னீங்களே?”

“முழங்கால்னா யாரும் ஒன்னும் நெனைக்க மாட்டாங்க லா. இருதயம்னு சொன்னா நம்மள கூப்புடவே மாட்டாங்க. சரி, நீ உட்காரு, நீ பொறுமையா வா, அப்பிடின்னுவாங்க. அதுக்குத்தான் மோட்டார் வாங்குனேன்.”

இதைக் கேட்டு என் மனம் இளகியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஆத்திரம் இரண்டு மடங்கானது. நெஞ்சில் இரும்பை வைத்துக்கொண்டு இரண்டு பேர் ஒரே சாலையில், ஒரே மேட்டில், ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு. ஒருவர் மேலே நின்று கேலி செய்ய, இன்னொருவர் அந்தக் கேலிக்குப் பயந்து செத்துக்கொண்டிருக்க. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவர்கள் விழவே இல்லை என்று சாதிக்கிற ஜாதி.

இதற்கு மேலும் கேளுங்கள். மறுநாள் சேகரைக் குணாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேரும் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார்கள். சொல்லி முடித்த இரண்டாவது நிமிடம், “உனக்கு ஒன்னுதானா?” என்று சேகர் ஒரு தினுசாகக் கேட்டார். “இன்னொன்னு வைக்கணும்னு சொல்றாங்க,” என்றார் குணா. அந்தக் குரலில், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பெருமை இருந்தது. நான் பழத்தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இல்லாவிட்டால் அதைத் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அன்று மாலை, சத்தியத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, குழுவில் எழுதினேன். ‘குணாவுக்கு டபுள் ஷிஃப்ட் இல்லை. இருதயத்தில் ஸ்டென்ட். நேற்று அவர் இறங்காததற்குக் காரணம் அந்த ஸ்டிக்கர். உங்களில் வேறு யாருக்காவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.’ எல்லோரும் படித்ததற்கான நீலக் குறி விழுந்தது. ஒருவர் இரு கை கூப்பிய படம் போட்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. சேகரும்தான்.

ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் எனக்குத் தனியாக வரத் தொடங்கியது. ஒருவருக்கு ஸ்டென்ட், போன தீபாவளிக்கு முன் வைத்ததாம். ஒருவருக்குச் சர்க்கரை ஏறி, ஊசி போட்டுக்கொள்கிறாராம், மேட்டில் கண் இருட்டுமாம். மூன்றாவது, நான் பார்த்தே இராத ஒரு பெண்மணி. ‘எங்க வீட்டுக்காரரும் உங்க குழுவுலதான் இருக்காரு. போன மாசம்தான் டாக்டர் கண்டுபிடிச்சாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.’ மூன்று பேருமே அதே வரியோடுதான் முடித்தார்கள். யாரிடமும் சொல்லிவிடாதீங்க. என் மகள் தலையில் இனி அடிக்க இடமில்லை.

அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். சேகர் என்பதும் அவருடைய உண்மைப் பெயரல்ல, அவர் விற்பதும் டயர் அல்ல. எழுதிக்கொள், பெயரை மட்டும் மாற்றிவிடு என்று அனுமதி கொடுத்தார். குழுவைப் பொறுத்தவரை அவருக்கு இன்னும் முழங்கால்தான் வலிக்கிறது. ஸ்டிக்கர் போடுவதை நிறுத்திவிட்டார். செயலியில் இருந்த வரியையும், நான் ஒரு மாதம் பேசாமல் இருந்த பிறகு, மாற்றிவிட்டார். இப்போது இப்படி இருக்கிறது: ‘சாலை எளிது. ஏற்றம் எளிதல்ல. இதைப் பதிவு செய்தவர் மோட்டாரில் போனார்.’ லேபிள் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இனி போகிறவர்களுக்கு. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், செம்மண் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சைக்கிள் உருளாது. செம்பனை மட்டையின் முள் டயரைத் துளைத்துவிடும், விழுந்து கிடக்கும் மட்டைமேல் ஏற்றாதீர்கள், டியூப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும், பாலத்துக்குப் பிறகு கடை எதுவும் கிடையாது. நின்று நிதானமாகப் போனால் நான்கு மணி நேரம் ஆகும், ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் தலைக்கு ஏறுவதற்குள் முடித்துவிடலாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அலை நன்றாகக் கிடைக்கும், பொய் மேட்டில் சரியாகக் கிடைக்காது. தொட்டியிலிருந்து இடப்பக்கம் இறங்குகிற சாலை நேராகக் காவலர் சாவடிக்கு வந்துவிடும். உடம்பு சரியில்லை என்று தோன்றினால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு நாற்பது வெள்ளிக்குள் முடிந்தது. மருத்துவமனைச் செலவை இதில் சேர்க்கவில்லை.

கூட வருகிறவர்களிடம் உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். சொல்ல முடியாத ஆட்களோடு மேடு ஏறாதீர்கள். அவ்வளவுதான் என் அறிவுரை, இதைக் கேட்டு ஒரே ஒருவர் மேட்டில் இறங்கினால் போதும்.

குணாவுக்கு இரண்டாவது ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, மருத்துவர் அனுமதித்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் மறுபடி போனோம். காவலரிடம் கேட்டு, பாலத்தைத் தாண்டி, ஒன்பதாவது கிலோமீட்டர் ஏற்றம்வரை, அதற்கு மேல் இல்லை. பெயர் வைக்கிற அளவுக்குக்கூடப் பெரிதில்லாத அந்த ஏற்றத்தின் அடிவாரத்தில், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே குணா இறங்கினார். இறங்கித் தள்ளத் தொடங்கினார். எதிரே வந்த ஒரு சைக்கிள் கூட்டம் எங்களைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது. அவர் தலையைக் குனியவில்லை.

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டு இடியப்பம், தேங்காய்ப் பால் இல்லாம. கத்திரிக்காய்க் கூட்டு. அப்புறம் ரசம். அந்த ரசத்துல உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, வெந்நீர் மாரி இருந்துச்சு. ஆஸ்பத்திரில கூட இதவிட நல்லா வப்பாங்க. நானும் ஒரு வாரமா சொல்லணும் சொல்லணும்னு பாக்குறேன், நீ காதுலயே வாங்க மாட்டேங்கிற.”

மூச்சு வாங்காமல், மேடு முடிகிறவரை, என் ரசத்தைப் பற்றி முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உப்பைக் குறைக்கச் சொன்னதே அவருடைய மருத்துவர்தான்.